கையடக்க இ-புக் ரீடர்: வாங்கும் முன் கவனியுங்கள்

என் அப்பா பணி ஓய்வு பெற்றவர். கையில் புத்தகம் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. வயதாக ஆகச் சிறிய எழுத்துகளைப் படிப்பது சிரமமாகிவிட்டது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன். "அரை மணி நேரத்தில் கண் எரிகிறதுப்பா" என்றார். எனவே 6 அங்குலத் திரை உள்ள சிறிய இ-புக் ரீடர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். சாப்ட்வேர் என்ஜினியரான நானே சில விஷயங்களைக் கவனிக்கத் தவறினேன். நீங்கள் ஏமாறாமல் இருக்கவே இக்கட்டுரை.

இதன் திரை எப்படி வேலை செய்கிறது?

இதில் இருப்பது இ-இங்க் திரை. மிக நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கும். மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தி எழுத்தை உருவாக்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. எனவே ஒருமுறை சார்ஜ் செய்தால் பல நாட்கள் வரும். அச்சிட்ட தாள் போலவே இருப்பதால் வெயிலிலும் படிக்கலாம். 2004-ல் சோனியின் லிப்ரியே, 2007-ல் அமேசானின் கிண்டில் ஆகியவை இந்தத் திரையுடன் வெளிவந்தன.

குறை 1: பிடிஎப் பைல்கள்

அப்பாவுக்காகச் சேர்த்து வைத்திருந்தவை பெரும்பாலும் ஏ4 அளவு பிடிஎப் பைல்கள். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ரீடர் திரையின் அகலமோ சுமார் 9 செ.மீ.தான். பக்கம் முழுவதும் சுருங்கி, 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் அளவாகிவிடுகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அப்பா இரண்டு பக்கத்தோடு கீழே வைத்துவிட்டார்.

குறை 2: தமிழ் எழுத்துகள்

இபப் வகை பைலில் எழுத்தை விரும்பிய அளவுக்குப் பெரிதாக்கலாம். வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். ஆனால் இங்கே வேறு சிக்கல். யூனிகோட் முறையில் 'கொ' என்பது 'க' என்ற எழுத்தும் அதன் பின் ஒரு குறியுமாகவே பதிவாகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டியது சாப்ட்வேரின் வேலை. நான் வாங்கிய ரீடரில் அந்த வசதி சரியாக இல்லை. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறின. பைல் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

என்ன வழி?

பிடிஎப்பில் எழுத்துகள் வடிவமாகவே பதிவாகிவிடுவதால் தமிழ் சிதறாது, அளவுதான் பிரச்னை. எனவே பக்கத்தையே சிறிதாக்கிவிட்டேன். உங்களிடம் வேர்ட் பைல் இருந்தால் தாளின் அளவை 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என மாற்றுங்கள். ஓரங்களை அரை செ.மீ. ஆக்குங்கள். எழுத்தை 16 பாயின்ட் ஆக்கி, பிடிஎப் ஆக சேவ் செய்யுங்கள். யுஎஸ்பி கேபிள் மூலம் ரீடருக்குக் காப்பி செய்தால் போதும். ப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் 6 அங்குல பிடிஎப் ஆகவே பல நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களுக்கு இந்த வழி உதவாது. அவை வெறும் படங்கள். அப்பா மிகவும் கேட்ட நூல்கள் அவைதான். அவற்றை இன்றும் கம்ப்யூட்டரில்தான், கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறார்.

எனவே விலையையும் மெமரியையும் மட்டும் பார்க்காதீர்கள். ரீடர் வைத்திருக்கும் நண்பரிடம் உங்கள் பைல்களில் மூன்றை, ஒரு தமிழ் இபப், ஒரு ஏ4 பிடிஎப், ஒரு ஸ்கேன் பைல், கொடுத்துத் திறந்து பாருங்கள். யாருக்காக வாங்குகிறீர்களோ, அவரையே பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.