சிறு நிலத்திற்கு எந்த டிராக்டர்?

மைசூரு மாவட்டம் ஹள்ளிக்கார் இனக் காளைகளுக்குப் பெயர்பெற்ற பகுதி. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இங்குள்ள சிறு விவசாயி ஒருவர் தம் நிலத்தை உழுவதற்கு ஒரு ஜோடிக் காளைகளையே நம்பியிருந்தார். இன்று ஆண்டு முழுவதும் காளைகளைப் பேணும் செலவு மிகுந்துவிட்டது. ஏர் பிடிக்க ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எனவே மூன்று, நான்கு ஏக்கர் மட்டுமே உடையவர்களும் சொந்த டிராக்டரைப் பற்றி எண்ணத் தொடங்கியுள்ளனர். இந்த விருப்பம் இயல்பானதே. ஆனால் டிராக்டர் வாங்குவது என்பது ஒரு சிறு குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய முதலீடுகளுள் ஒன்று. பல வேளைகளில் அதற்கான கடனுக்கு நிலமே ஈடாக வைக்கப்படுகிறது. தேர்வு பிழையானால், உழைப்பைக் குறைக்க வந்த இயந்திரம் நிலத்தையே விழுங்கிவிடக் கூடும். ஆகவே இத்தேர்வை எந்த அடிப்படையில் செய்ய வேண்டும் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

சுருங்கும் நிலம், வளரும் இயந்திரம்

1970-71 ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நில அளவு 2.28 ஹெக்டேராக இருந்தது. 2015-16 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகக் குறைந்தது. கர்நாடகத்தில் அதே ஆண்டில் சராசரி 1.36 ஹெக்டேர், அதாவது மூன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நாடு முழுவதிலும் நூற்றுக்கு 86 நில உடைமைகள் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவானவை.

நிலம் இவ்வாறு சுருங்கி வந்திருக்க, நம் நாட்டில் விற்பனையாகும் டிராக்டர்களில் பெரும்பகுதி 31 முதல் 50 குதிரைத்திறன் வரையிலானவையாகவே இருந்து வருகின்றன. இதற்குக் காரணம் உண்டு. டிராக்டர் உழவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. கரும்பு, செங்கல், மணல் ஆகியவற்றைச் சுமந்து செல்லவும், பிறர் நிலத்தை வாடகைக்கு உழவும் அதிகத் திறனுள்ள டிராக்டரே ஏற்றது. ஆனால் அத்தகைய வாடகை வேலை ஊரில் போதிய அளவு இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

சிறு டிராக்டர் நமக்குப் புதியதன்று. 1967 ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடன் இணைந்து பவர் டில்லர்களையும், பின்னர் சிறு டிராக்டர்களையும் தயாரித்தது. கேரள அரசின் காம்கோ நிறுவனம் 1973 இல் அமைக்கப்பட்டு, குபோட்டா மாதிரிப் பவர் டில்லர்களை உருவாக்கியது. அண்மைக் காலத்தில் பெரிய நிறுவனங்கள் பலவும் 11 முதல் 25 குதிரைத்திறன் வரையிலான டிராக்டர்களைச் சந்தைக்குக் கொண்டு வந்துள்ளன. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்கள் மீதான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதால் விலையும் ஓரளவு தணிந்தது. தேர்வுக்கு வாய்ப்பு பெருகியிருப்பதாலேயே தேர்வின் நெறிகளை அறிவது இன்றியமையாததாகிறது.

மண்ணும் பயிரும் சொல்லும் விடை

எந்த டிராக்டர் என்னும் வினாவை விற்பனையாளரிடம் கேட்பதற்கு முன், தம் நிலத்திடம் கேட்க வேண்டும். மைசூரு மாவட்டத்திலேயே இந்த விடை வட்டத்திற்கு வட்டம் மாறுபடுகிறது.

ஹுன்சூர், பிரியாபட்டணா வட்டங்களின் மேட்டு நிலங்களில் செம்மண்ணில் புகையிலை, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவை பயிராகின்றன. அங்கு முதல் மழை பெய்தவுடன் சில நாட்களுக்குள் உழுது விதைக்க வேண்டும். மண்ணின் ஈரம் விவசாயிக்காகக் காத்திருப்பதில்லை. கபினி, வருணா கால்வாய்ப் பாசனப் பகுதிகளில் நெல் வயலைச் சேற்றுழவு செய்ய வேண்டும். அங்கு எடை மிகுந்த டிராக்டர் ஆழப் புதைந்து, நீரைத் தாங்கி நிற்கும் அடிமண் அடுக்கைக் குலைத்துவிடும். கேஜ் வீல் பொருத்திய எடை குறைந்த டிராக்டரோ பவர் டில்லரோ அங்கு ஏற்றது.

மல்பெரித் தோட்டம் மற்றொரு வகை. மைசூரிலுள்ள மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் உருவாக்கிய வி-1 மல்பெரி இரகம் இப்பகுதியில் பரவலாகப் பயிரிடப்படுகிறது. இதற்குப் பரிந்துரைக்கப்படும் இணைவரிசை நடவில் 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசைகளும், அவற்றை அடுத்து 150 செ.மீ. அகலமான நடைபாதையும் அமைகின்றன. ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலமுள்ள சிறு டிராக்டர் இந்தப் பாதையில் செடிகளுக்குச் சேதமின்றிச் செல்லும். 45 குதிரைத்திறன் டிராக்டர் அங்கு நுழையவே இயலாது. ஆண்டுக்கு ஐந்து முறை இலை அறுவடையாகும் தோட்டத்தில் ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் இடையுழவு தேவைப்படுவதால், சிறு டிராக்டருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. இதற்கு மாறாக ஏழரை மீட்டர் இடைவெளியில் நடப்பட்ட தென்னந்தோப்பில் எந்த அளவு டிராக்டரும் செல்லலாம். அங்கு சிறிய டிராக்டர்தான் வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

வரிசைகளுக்கு இடையேயான அகலம், மண்ணின் ஈரமும் கடினமும், ஆண்டில் எத்தனை முறை வேலை என்பவை இவ்வாறு முதலில் தெளிவாக வேண்டும். குதிரைத்திறன் அவற்றிற்குப் பின்னரே வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

டிராக்டர் ஒரு மணியில் எவ்வளவு நிலத்தை முடிக்கும் என்பதை எளிதில் கணக்கிடலாம். கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கிப் பத்தால் வகுத்தால் ஹெக்டேர் கிடைக்கும். திரும்புவதற்கும் நிற்பதற்கும் கால் பங்கைக் கழித்துவிட வேண்டும். 90 செ.மீ. அகலமுள்ள ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் மணிக்கு ஏறத்தாழ 0.17 ஹெக்டேர் முடியும். ஓர் ஏக்கருக்கு இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

நஞ்சன்கூடு வட்டத்தில் நான்கு ஏக்கர் உடைய ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் மல்பெரி, ஓர் ஏக்கர் தென்னை, ஓர் ஏக்கர் கேழ்வரகு. மல்பெரிக்கு ஐந்து இடையுழவுகள் 25 மணி, கேழ்வரகுக்கு மூன்று உழவுகள் 7 மணி, தென்னைக்கு இரண்டு உழவுகள் 5 மணி, மருந்து தெளிக்க 8 மணி, எருவும் இலையும் விளைபொருளும் ஏற்றிச் செல்ல 40 மணி. ஆக மொத்தம் ஆண்டுக்கு 85 மணி.

18 குதிரைத்திறன் டிராக்டரும் கருவிகளும் சேர்ந்து ஐந்தரை இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயுட்காலம் பத்து ஆண்டுகள், இறுதி மதிப்பு பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 49,500 ரூபாய். சராசரி முதலீட்டின் மீது 10 விழுக்காடு வட்டி 30,250 ரூபாய். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு 11,000 ரூபாய். எனவே டிராக்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 90,750 ரூபாய் செலவு நிற்கிறது. ஓடும்போது எரிபொருள், எண்ணெய், பழுது, ஓட்டுநர் கூலி ஆகியவற்றுக்கு மணிக்கு 350 ரூபாய் என்றும், அதே வேலைக்கு வாடகை மணிக்கு 800 ரூபாய் என்றும் கொள்வோம்.

சொந்த டிராக்டர் மணிக்கு 450 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. 90,750 ரூபாயை ஈடுகட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 202 மணி நேரம் அது ஓட வேண்டும். நம் குடும்பத்துக்கு உள்ள வேலையோ 85 மணிதான். வாடகைக்கு அமர்த்தினால் 68,000 ரூபாயில் முடியும் வேலைக்குச் சொந்த டிராக்டரால் 1,20,500 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 52,500 ரூபாய் கூடுதல் சுமை. இதே அளவு வேலை உள்ள மூன்று குடும்பங்கள் ஒரு டிராக்டரைப் பகிர்ந்துகொண்டால் ஆண்டுக்கு 255 மணி ஓடும். அப்போது மணிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 706 ரூபாயாகக் குறைந்து, வாடகையைவிட மலிவாகிவிடும்.

இங்குக் கொண்ட விலைகள் விளக்கத்திற்காகவே. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையையும் வாடகையையும் இட்டுக் கணக்குப் பார்க்கலாம். எனினும் ஒன்றை இக்கணக்கில் எளிதில் அடக்க முடியாது. மழை பெய்த மூன்றாம் நாளில் வாடகை டிராக்டர் வேறொருவர் நிலத்தில் இருந்தால், விதைப்பு தவறிப் போகும். உரிய காலத்தில் உழும் உறுதிக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு 52,500 ரூபாய்க்கு ஈடாகுமா என்பதே விவசாயி தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

கருவிகளே முதன்மை

நிலத்தில் வேலை செய்வது கருவி. டிராக்டர் அதற்கு ஆற்றல் தருகிறது. ஆயினும் பலர் பணம் முழுவதையும் டிராக்டரில் போட்டுவிட்டு, ஒரே ஒரு கலப்பையுடன் நிறுத்திவிடுகின்றனர். அதன் விளைவாக டிராக்டர் ஆண்டில் சில நாட்களே ஓடுகிறது.

18 முதல் 20 குதிரைத்திறன் டிராக்டருக்கு 80 முதல் 100 செ.மீ. அகலமுள்ள ரோட்டவேட்டர், ஐந்து கொழுக்கள் கொண்ட கொத்துக் கலப்பை, பார் அமைக்கும் கருவி, ஒரு சிறு டிரெய்லர் ஆகியவை அடிப்படைத் தொகுதியாக அமையும். தோட்டப் பயிர் உடையவர்களுக்குத் தெளிப்பானும் பயன்படும். கருவி வாங்கும்போது மும்முனை இணைப்பின் அளவும், பி.டி.ஓ. எனப்படும் பின்சுழல் தண்டின் வேகமும் டிராக்டருடன் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரிய டிராக்டருக்கான ரோட்டவேட்டரை மலிவாகக் கிடைக்கிறதென்று சிறு டிராக்டரில் பூட்டுவது இரண்டையும் கெடுக்கும். எஞ்சினின் குதிரைத்திறன் முழுவதும் கருவிக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பின்சுழல் தண்டில் கிடைப்பது அதில் ஏறக்குறைய 85 விழுக்காடுதான். மண்ணை இழுக்கும் வேலையில் இன்னும் குறையும்.

ரோட்டவேட்டரை மட்டுமே ஆண்டுதோறும் ஓட்டினால் மேல்மண் தூளாகி, அதற்கடியில் இறுகிய அடுக்கு உருவாகும். அதை உடைக்க மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக் கலப்பையால் ஆழ உழ வேண்டும். இவ்வேலைக்கு அதிகத் திறனுள்ள டிராக்டர் தேவை. அந்த ஒரு நாள் வேலைக்காகப் பெரிய டிராக்டரை வாங்க வேண்டியதில்லை. அதை வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

எடை குறைந்த டிராக்டரில் சக்கரம் வழுக்குவது இயல்பு. ஈர நிலத்திலும் சரிவிலும் வேலை உடையவர்கள் நான்கு சக்கர இயக்கமுள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. சிறு டிராக்டரின் சக்கர இடைவெளி குறுகியதாகையால் வரப்பு ஏறும்போதும் சுமையுடன் திரும்பும்போதும் கவிழும் ஆபத்து அதிகம். பின்சுழல் தண்டின் மீதுள்ள காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கத்தையும் அறவே கைவிட வேண்டும். வேட்டியோ சேலையோ அதில் சிக்கினால் உயிருக்கே கேடாகும்.

இரண்டு ஏக்கருக்கும் குறைவான நெல் வயல் மட்டுமே உடையவர்களுக்குப் பவர் டில்லரே போதும். விலை குறைவு, சேற்றில் எளிதாக இயங்கும். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நடக்கும் உடலுழைப்பும் அதிர்வும் மிகுதி. வயது முதிர்ந்தோரும் பெண்களும் ஓட்டும் குடும்பங்களில் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சோதனை அறிக்கையும் அரசு உதவியும்

மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. ஆந்திரப் பிரதேசம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் தென்மண்டல நிறுவனம் இயங்குகிறது. பின்சுழல் தண்டில் கிடைக்கும் உண்மையான திறன், மணிக்கு ஆகும் எரிபொருள், இழுக்கும் ஆற்றல், தூக்கும் எடை ஆகியவை அறிக்கையில் இருக்கும். விளம்பரத்தாளைவிட இதற்கே மதிப்பளிக்க வேண்டும். பழுது பார்க்கும் நிலையமும் உதிரி உறுப்புகளும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதையும் கேட்டறிய வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு வாரம் நின்றுபோன டிராக்டர், இல்லாத டிராக்டருக்குச் சமம்.

2014-15 இல் தொடங்கப்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், வகுத்துள்ள உச்ச வரம்புக்கு உட்பட்டு, சிறு, குறு விவசாயிகள், பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு விலையில் 50 விழுக்காடும் ஏனையோருக்கு 40 விழுக்காடும் மானியம் வகை செய்யப்பட்டது. மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்குவது அறிவுடைமையாகாது. மானியம் முதலீட்டைக் குறைக்கும். வேலை மணிகளைக் கூட்டாது.

பகிர்ந்து பயன்கொள்ளுதல்

சிறு நிலங்கள் நிறைந்த ஜப்பானில் வீட்டுக்கு வீடு இயந்திரங்கள் பெருகியபோது, அவற்றின் கடனால் விவசாயிகள் நலிந்த நிலையைக் குறிக்க "இயந்திரமயமாக்க வறுமை" என்னும் பொருளுடைய சொல்லே அந்நாட்டு மொழியில் தோன்றியது. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் 1958 இல் வேறொரு வழி காணப்பட்டது. விவசாயிகள் இயந்திர வளையம் என்னும் சங்கம் அமைத்து, ஒருவர் இயந்திரத்தை மற்றவர் குறித்த கட்டணத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கினர். அது பின்னர் நாடெங்கும் பரவியது.

கர்நாடக அரசு 2014-15 முதல் ஹோப்ளி அளவில் கிருஷி யந்த்ரதாரே என்னும் வாடகை மையங்களை ஏற்படுத்தியது இத்திசையில் எடுத்த முயற்சியே. இத்தகைய மையங்களில் பெரிய டிராக்டர்களோடு, மல்பெரி, வாழை வரிசைகளுக்குள் செல்லும் சிறு டிராக்டர்களும் போதிய அளவில் இருப்பது அவசியம். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுவதால் முன்பதிவு முறையும் நேர்மையாக நடைபெற வேண்டும். இதில் அதிகாரிகளின் பொறுப்பு பெரிது.

முடிவாக, சிறு விவசாயி முதலில் ஆண்டின் வேலை மணிகளை எழுதிக் கூட்ட வேண்டும். அடுத்து வரிசை அகலத்தையும் மண்ணையும் பார்த்துக் கருவிகளைத் தீர்மானிக்க வேண்டும். அக்கருவிகளை இயக்கப் போதுமான மிகச் சிறிய டிராக்டரே அவருக்கு ஏற்றது. மணிகள் போதவில்லையெனில் அண்டை நிலத்தாருடன் சேர்ந்து வாங்கலாம், அல்லது வாடகை மையத்தை நாடலாம். சுத்தூரிலுள்ள வேளாண் அறிவியல் மையம் போன்ற நிறுவனங்கள் இந்தக் கணக்கை விவசாயியுடன் அமர்ந்து போட்டுக் கொடுத்தால், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அவருக்குத் தெளிவு பிறக்கும்.