நகரும் வீட்டிற்கு எந்த ஜெனரேட்டர்? டீசலா, புரோப்பேனா?

பயணம் போவோர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது உலக வழக்கு. வீட்டையே உடன் ஓட்டிச் செல்வது வட அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கு. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை ஆகிய யாவும் அமைந்த அவ்வண்டியை அந்நாட்டார் மோட்டார் ஹோம் என்பர். நகரும் வீடு என்றால் தமிழில் பொருள் விளங்கிவிடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஆண்டில் பல திங்கள்களை அதிலேயே கழிப்பதுண்டு. குளிர்காலம் வந்தால் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பாலைநிலத்தில் இத்தகைய வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து தங்கும். அப்பாலையில் மின்கம்பி இல்லை. வேண்டிய மின்சாரத்தை வண்டியே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கென வண்டியின் அடிப்புறத்தில் பொருத்தப்பெறுவதே ஜெனரேட்டர். மாலை இருட்டியதும் தோட்டத்து லயங்களுக்கு விளக்கேற்றிய பழைய டீசல் இயந்திரத்தை நினைவிற் கொண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அதன் குட்டி என்று கொள்க.

இக்குட்டி டீசலில் ஓடுவது நல்லதா, புரோப்பேன் வாயுவில் ஓடுவது நல்லதா என்பது வண்டி வாங்குவோரிடையே ஓயாத வழக்கு. ஒரு சாரார் எரிபொருளின் விலையைக் காட்டுவர். மற்றொரு சாரார் இரைச்சலைக் காட்டுவர். இரண்டும் கருதத் தக்கவையே. ஆனால் அவற்றிற்கு முன்னர்க் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஜெனரேட்டருக்கெனத் தனித் தொட்டி வைப்பது அரிது. வண்டியில் ஏற்கெனவே உள்ள தொட்டி ஒன்றில் அது பங்கு கேட்கும். டீசலாயின், வண்டியை இழுக்கும் என்ஜினோடு பங்கு. புரோப்பேனாயின், அடுப்போடும் கணப்போடும் பங்கு. எதனோடு பங்கு போட்டால் இடர் குறைவு என்று பார்த்துத் தேர்வதே முறை.

பெட்ரோலில் ஓடும் வண்டிகளுக்குப் பெரும்பாலும் பெட்ரோல் ஜெனரேட்டரே வாய்க்கும். பேருந்தைப் போன்ற பெரிய டீசல் வண்டிகளில் டீசல் ஜெனரேட்டரே பெருவழக்கு. மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் டீசல் வேனின் மேல் கட்டப்பெறும் சிறு வண்டிகளில்தான் இருவழியும் திறந்திருக்கும். மினியாபொலிஸ் நகரில் 1920ஆம் ஆண்டு தோன்றிய ஓனான் நிறுவனத்தின் 3.6 கிலோவாட் புரோப்பேன் இயந்திரமும், 3.2 கிலோவாட் டீசல் இயந்திரமும் இவற்றிற் பொருத்தப்பட்டு வந்துள்ளன. டீசல் இயந்திரத்திற்கு விலை கூடுதல், எடையும் கூடுதல். அப்படியிருந்தும் அதனைக் கேட்டு வாங்குவோர் இருப்பதேன்?

விடை எரிபொருள்களின் இயல்பில் உள்ளது. நம் சமையலறைத் தோம்பில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. பியூட்டேன் சுழியத்திற்கு அரைப் பாகை கீழேயே கொதிப்பது. அதற்கும் கீழே குளிர்ந்தால் ஆவியாகாமல் நீர்மமாகவே தங்கிவிடும். மலேசியாவில் அதனால் தொல்லையில்லை. பனி பெய்யும் நாட்டில் அடுப்பு எரியாது. புரோப்பேனோ சுழியத்திற்கு 42 பாகை கீழேதான் கொதிப்பது. ஆதலின் வட அமெரிக்க வண்டிகளில் புரோப்பேன் மட்டுமே நிரப்பப்பெறும். தொட்டியில் நீர்மமாகக் கிடந்து, மேலே ஆவியாகிக் குழாய் வழியே இயந்திரத்தை அடைந்து, அங்கே மின்பொறியால் பற்றிக்கொள்ளும்.

டீசலுக்கு மின்பொறி வேண்டா. உருளைக்குள் காற்றை இருபது மடங்கு அளவுக்கு நெருக்கினால் அக்காற்று தானே கொதிநிலைக்கும் மேற்பட்டுச் சூடேறும். அதனுள் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பற்றும். ருடால்ஃப் டீசல் என்பார் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897ஆம் ஆண்டு வெற்றியுடன் ஓட்டிக் காட்டிய முறை இதுவே. இவ்வாறு மிக நெருக்குவதால், எரியும் வெப்பத்தில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. அன்றியும் ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் வெப்பம் உண்டு. ஒரு லிட்டர் நீர்மப் புரோப்பேனில் ஏறத்தாழ 25 மெகாஜூல்தான். ஆக, சரக்கும் செறிவானது, அதனைப் பயன்படுத்தும் இயந்திரமும் சிக்கனமானது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கூரைமேலுள்ள குளிர்சாதனம் ஒன்றை ஓட்ட ஒன்றரைக் கிலோவாட் அளவு வேண்டும். அதற்கு டீசல் இயந்திரம் மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே குடிக்கும். புரோப்பேன் இயந்திரம் இரண்டு லிட்டர் அளவு குடிக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் புரோப்பேன் 12 லிட்டர் தீரும். தொட்டியோ 50 லிட்டர் கொள்வது என்க. நான்காம் நாள் முடிவில் அடுப்பில் சோறு வேகாது. டீசலாயின் அதே ஆறு மணிக்கு 5 லிட்டர். அது வண்டி 30 கிலோமீட்டர் தொலைவு ஓடுவதற்குரிய எண்ணெய், அவ்வளவே இழப்பு.

டீசல் தொட்டியையும் ஜெனரேட்டரே குடித்து முடித்துவிட்டால், ஆளில்லாப் பாலையில் வண்டி நின்றுபோகாதோ என்று கேட்கலாம். அதற்கு எளியதொரு தடை செய்துள்ளனர். ஜெனரேட்டர் உறிஞ்சும் குழாயின் வாய் தொட்டியின் அடிவரை போகாது. கால் பங்கு அளவு எண்ணெய் எஞ்சும்போதே குழாய் காற்றை உறிஞ்சும், ஜெனரேட்டர் நின்றுவிடும், வண்டி ஊர் போய்ச் சேரும். புரோப்பேன் தொட்டியில் இத்தகைய காவல் இல்லை. ஜெனரேட்டரும் கணப்பும் ஒரே ஆவியைக் கடைசிவரை பகிர்ந்துகொள்ளும்.

இதில் கணப்புத்தான் கவலைக்குரியது. குளிரிரவில் அது எரியும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ 0.8 லிட்டர் புரோப்பேன் வேண்டும். அதன் விசிறிக்கு மின்கலம் வேண்டும். மின்கலம் நிறைய ஜெனரேட்டர் வேண்டும். வண்டியிலிருப்பவர், இரவில் மூச்சுக்குத் துணையாகக் காற்றுக்கருவி பூட்டி உறங்கும் முதியவராயின் மின்கலத்தின் சுமை இன்னும் கூடும். பகலெல்லாம் புரோப்பேன் ஜெனரேட்டரை ஓட்டி மின்கலத்தை நிரப்பியபின், விடியுமுன் வாயு தீர்ந்து கணப்பு அணைந்தால் அம்மின்கலம் யாருக்கு உதவும்? போதாக்குறைக்குக் குளிர் மிகுந்தால் புரோப்பேனின் அழுத்தமும் தளரும். வெளியே 38 பாகை வெப்பமிருக்கும்போது வளியழுத்தத்தைப் போல் 12 மடங்கு மிகுதியாய் உந்தும் வாயு, சுழியத்திற்கு 18 பாகை கீழே ஒன்றேமுக்கால் மடங்களவே உந்தும். ஆவியாகுந்தோறும் தொட்டி தானும் குளிரும். கையில் ஸ்பிரிட்டைத் தடவினால் சில்லிடுவதை வகுப்பில் செய்துகாட்டும் ஆசிரியர் இதனை உடனே உணர்வர்.

டீசலுக்கும் குளிர்ப்பகை உண்டு. கோடைக்குரிய டீசலில் மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். அரிசோனாவில் நிரப்பிய எண்ணெயோடு ராக்கி மலைமேல் ஏறுவோர் இதில் சிக்குவதுண்டு. மலையடிவாரத்திலேயே குளிர்கால டீசல் நிரப்பிக்கொள்வது பரிகாரம். உயரம் இரண்டு இயந்திரங்களையும் வாட்டும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மூன்றரை விழுக்காடு ஆற்றல் குறையும் என்பது பொதுக்கணக்கு. 3,000 மீட்டருக்கு மேலிருக்கும் கொலராடோவின் லெட்வில் ஊரில் 3.6 கிலோவாட் இயந்திரம் 2.3 கிலோவாட் அளவே தரும். அவ்வுயரத்தில் குளிர்சாதனத்தை எவரும் நாடார் என்பது ஓர் ஆறுதல்.

அப்படியாயின் புரோப்பேனுக்குச் சிறப்பே இல்லையோ எனின், உண்டு. அது கெட்டுப்போவதில்லை, ஆண்டுக்கணக்கில் தொட்டியிற் கிடந்தாலும் அதே புரோப்பேன். டீசலில் நீர் சேரும். அந்நீரில் நுண்ணுயிர் வளர்ந்து சேறுபோற் படியும். புரோப்பேன் புகை தூயது, கரியும் நாற்றமும் குறைவு, ஓசையும் மெல்லியது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 50 அடி தொலைவில் 60 டெசிபெலுக்கு மேல் இரைச்சல் எழலாகாது என்பது விதி. ஆண்டில் சில வாரமே வெளியே போய், பெரும்பாலும் மின்இணைப்புள்ள இடங்களிலேயே தங்கி, ஜெனரேட்டரை அவ்வப்போது மட்டும் தொடுகிற குடும்பத்திற்குப் புரோப்பேனே தகும். கூடுதல் விலை கொடுத்து டீசல் வாங்குவது வீண். வாரக்கணக்கில் பாலையிலோ காட்டிலோ தங்குவோர்க்கு டீசலே தகும். தீர்ந்தால் நிரப்புவதிலும் வேறுபாடுண்டு. டீசல் நெடுஞ்சாலை தோறும் இரவும் பகலும் கிடைக்கும். புரோப்பேன் தொட்டி வண்டியின் அடியில் நிலையாகப் பொருத்தியது. தோம்பைப் போல் கழற்றி எடுத்துச் செல்லவியலாது. வண்டியையே விற்பனையாளரிடம் ஓட்டிப் போக வேண்டும். இதைத் தவிர்க்க, வெளியிலிருந்து ஒரு தோம்பை இணைத்துக்கொள்ளும் குழாயை வைத்திருப்போரும் உளர்.

எந்த எரிபொருளாயினும் உயிருக்கு இறுதி கட்டுவது ஒன்றுண்டு: புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. டீசல் புகையில் அது குறைவு, புரோப்பேன் புகையில் மிகுதி. ஆயினும் டீசலென்று நம்பி ஜன்னலோரம் ஓடவிட்டு உறங்கலாகாது. அடுத்த வண்டியின் புகையும் உள்ளே வரலாம். பகலில் ஓட்டி மின்கலத்தை நிரப்பிவிட்டு, இரவில் மின்கலத்தைக் கொண்டே விளக்கும் கருவியும் ஓட்டுவதுதான் காப்பு. லித்தியம் மின்கலமும் கூரைமேல் சூரியத் தகடும் பெருகியபின் இது எளிதாகியுள்ளது. எச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்துமிடமும் அறியத்தக்கது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையிற் படியும். ஆகவே அதன் கருவி தரையோரம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு காற்றின் எடைக்கு ஏறத்தாழச் சமம். அதன் கருவி உறங்குமிடத்தருகே இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர்க்குத் தேர்வு முன்னமே முடிந்துபோயிருக்கும். டீசலை எடுத்துவிட்டுப் புரோப்பேனோ, புரோப்பேனை எடுத்துவிட்டு டீசலோ பொருத்துவது, குழாய், தாங்கி, புகைப்போக்கி எல்லாவற்றையும் மாற்றும் வேலை. அவர்கள் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் மணிக்கணக்கு மானி. பத்தாண்டு வண்டியில் 60 மணி நேரமே காட்டினால் மகிழ வேண்டா. திங்களுக்கு இரண்டு மணி நேரமேனும் பாதிச்சுமையில் ஓட்ட வேண்டிய இயந்திரம், அத்தனை ஆண்டும் ஓடாமல் கிடந்திருக்கிறது.