மணலில் ராஜா! தார் ரோட்டில்..?
நாலு சக்கர மோட்டார் சைக்கிளை ரோட்டில் ஓட்டலாமா?

நாலு சக்கரம் உண்டு. ஆனால் அது கார் அல்ல.

கைப்பிடி உண்டு. ஆனால் அது மோட்டார் சைக்கிளும் அல்ல.

குதிரையில் உட்காருவதுபோல் இரு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும். கட்டை விரலால் ஒரு விசையை அழுத்தினால் போதும். வண்டி சீறிப் பாயும். மணல், சேறு, வரப்பு, பள்ளம் எதுவும் அதற்குத் தடை இல்லை.

இந்த வண்டிக்கு "ஏ.டி.வி." என்று பெயர். எந்தத் தரையிலும் போகும் வண்டி என்று பொருள். நம் ஊர் இளைஞர்கள் "குவாட் பைக்" என்கிறார்கள்.

கடற்கரைப் பக்கத்து உல்லாச விடுதிகளில் காசு கொடுத்து இதில் ஒரு சுற்று வரலாம். சுற்றி வந்த இளைஞர்களுக்கு ஆசை பிறக்கிறது. "இதை ரோட்டில் ஓட்டினால் எப்படி இருக்கும்?"

மெக்கானிக் கடையில்

தாம்பரத்தில் ஒரு மெக்கானிக் கடை. ஓர் இளைஞர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, பழைய குவாட் பைக் ஒண்ணு விலைக்கு வருது. ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுப்பீங்களா?"

"என்ன மாத்தணும், தம்பி?"

"ஹாரன், இரண்டு கண்ணாடி, இண்டிகேட்டர், பிரேக் லைட், நம்பர் பிளேட். பட்டன் டயரைக் கழற்றிவிட்டு ரோட்டு டயர் போடணும். அவ்வளவுதான்!"

மெக்கானிக் சிரிக்கிறார்.

"எல்லாம் ஒரே நாளில் மாட்டிவிடலாம், தம்பி. நம்பர் பிளேட்டும் மாட்டலாம். அதில் எந்த நம்பரை எழுதுவீங்க?"

இளைஞரிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஏன் கவிழ்கிறது?

சட்டம் இருக்கட்டும். முதலில் வண்டியைப் பார்ப்போம்.

மாட்டு வண்டி வளைவில் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரம் மெதுவாகச் சுற்றும். வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகச் சுற்றும். வெளிச் சக்கரத்துக்குத் தூரம் அதிகம் அல்லவா? மாட்டு வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் அச்சில் தனித் தனியாகச் சுற்றுகிறது. அதனால் தொல்லை இல்லை.

காரில் இந்த வேலையைச் செய்ய "டிபரன்ஷியல்" என்ற பல் சக்கர அமைப்பு உண்டு.

பல குவாட் பைக்குகளில் அது கிடையாது. பின் சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.

மணலில் இது நல்லது. ஒரு சக்கரம் புதைந்தாலும் மற்றது தள்ளிவிடும். திரும்பும்போது உள்சக்கரம் மணலில் சறுக்கிக்கொள்ளும்.

தார் ரோட்டில் சறுக்காது. ரோடு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். பயந்துபோய் மேலும் திருப்பினால் திடீரென்று வளைந்து கவிழும். வண்டியின் உயரம் அதிகம், அகலம் குறைவு என்பதும் சேர்ந்துகொள்ளும்.

டயரும் அப்படித்தான். கார் டயரில் சுமார் 30 பவுண்டு காற்று இருக்கும். இதன் டயரில் 5 பவுண்டு அளவுதான். பலூன் மாதிரி மெத்தென்று இருக்கும். வேகத்தில் ஆடும். பல டயர்களில் "என்.எச்.எஸ்." என்று மூன்று ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும். நெடுஞ்சாலைக்கு உரியது அல்ல என்பது அதன் பொருள். டயரே பேசுகிறது!

அமெரிக்கா கற்ற பாடம்

1970-ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டியை விற்கத் தொடங்கியது. அதற்கு மூன்றே சக்கரம். 1980-களின் தொடக்கத்தில் சுசுகி கம்பெனி நாலு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது.

மூன்று சக்கர வண்டிகள் அடிக்கடி கவிழ்ந்தன. குழந்தைகள் பலர் இறந்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசுடன் கம்பெனிகள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது.

16 வயதுக்கு உட்பட்டவர்கள் எந்த ஏ.டி.வி.யையும் ஓட்டக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ, அடைப்புள்ள வேறு இடத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைத்த விசேஷ வண்டியை அந்தச் சட்டம் "மோட்டார் வாகனம்" என்று கணக்கில் எடுப்பதில்லை.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால் கதை வேறு. பதிவு வேண்டும். இன்சூரன்சு வேண்டும். லைசென்சு வேண்டும்.

தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் "டி.என். 11" என்ற வரிசையில் நம்பர் கொடுக்கிறார்கள். புது வண்டியைப் பதிவு செய்ய, அது ரோட்டுக்குத் தகுதியானது என்று தயாரித்த கம்பெனி எழுதிக் கொடுத்த சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு முன்னால், அந்த மாதிரி வண்டியை அரசு ஒப்புக்கொண்ட சோதனை நிலையம் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிலையம் புனேயில் இருக்கிறது. நமக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் போனால் வரும் ஒரகடத்தில்!

கம்பெனியே "இது ரோட்டுக்கு அல்ல" என்று விற்ற வண்டிக்கு இந்தச் சான்று எங்கிருந்து வரும்? கண்ணாடியும் ஹாரனும் மாட்டியதால் வராது.

பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்சு இல்லாவிட்டால் 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

18 வயது ஆகாத பையன் ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம். பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது.

டிராக்டராக வந்த வண்டி

"அப்படியானால் வழியே இல்லையா?" என்று கேட்கலாம். ஒரு வழி பிறந்தது.

2019-ல் போலாரிஸ் கம்பெனி "ஸ்போர்ட்ஸ்மேன் 570" என்ற ஏ.டி.வி.யை இந்தியாவில் டிராக்டராகப் பதிவு செய்யும்படி கொண்டுவந்தது. விலை சுமார் 8 லட்சம் ரூபாய். உழவர்களுக்கான வண்டி என்று சொல்லி விற்றார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வண்டியை ரோட்டுக்குத் தயார் செய்தது தெருமுனைக் கடை அல்ல. தயாரித்தவர்களே சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்கினார்கள்.

ஆகவே யாராவது "ரோட்டில் ஓடும் குவாட் பைக்" என்று விற்க வந்தால், முதலில் ஆர்.சி. புத்தகத்தைக் கேளுங்கள். என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகம் இல்லையென்றால் பேரம் பேச வேண்டாம்.

வீடு போகும்!

அபராதம் கட்டிவிடலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு.

ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை நேரத்து நெரிசலை நினைத்துப் பாருங்கள். பஸ், லாரி, ஆபீசுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அங்கே இந்த வண்டி ஒருவர் மேல் மோதினால் நஷ்ட ஈட்டைக் கொடுக்க இன்சூரன்சு கம்பெனி வராது. சொந்தக்காரர்தான் கொடுக்க வேண்டும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய வீடு, அம்மாவின் நகை எல்லாம் அதற்கே போய்விடும். அடிபட்டவர் குடும்பமோ ஏழைக் குடும்பமாக இருந்தால், அவர்களுக்கும் பணம் கைக்கு வராது. இரண்டு குடும்பம் தெருவில் நிற்கும்.

ஆசை இருப்பவர்கள் சொந்தத் தோட்டத்திலோ, அனுமதி பெற்ற மைதானத்திலோ ஓட்டலாம். ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் வண்டியில் இருவர் ஏறாதீர்கள். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். ஒரு "குட்டி யானை" வண்டியை வாடகைக்குப் பிடித்து, அதில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மெக்கானிக் அண்ணன் அந்த இளைஞரிடம் கடைசியாகச் சொல்லக்கூடியது இதுதான்:

"தம்பி, கூலி வாங்கிக்கொண்டு நான் மாட்டிவிடுவேன். ராத்திரி உங்க அம்மா வாசலில் நின்று காத்திருந்தால், அவங்களுக்கு யார் பதில் சொல்வது?"