இரு சில்லைகள்

கதிர் முற்றும் பருவத்தில் வயல் வரப்பிலே நடந்தால், காலடியோசை கேட்டுச் சிறு பக்ஷிக் கூட்டமொன்று விர்ரென்று எழும்பும். 'ஏதோ குருவி' என்று சொல்லிவிட்டு நாம் மேலே நடப்பது வழக்கம். சற்று நின்று நோக்கினால், ஒரே கூட்டத்தில் இரு ஜாதிகள் கலந்திருப்பதையும் சில சமயம் காணலாம். ஒன்று புள்ளிச் சில்லை. மற்றது கருந்தலைச் சில்லை.

இரண்டும் ஒரே குலம், சிட்டுக்குருவியினும் சிறியவை. பருத்த கூம்பு அலகு, புல் விதையின் உமியை நீக்கி உண்பதற்கு ஏற்றது. இரண்டும் பாடுவதுண்டு, ஆனால் அருகில் நிற்போர்க்கும் எளிதில் கேளாத மெல்லிய பாட்டு அது.

வேற்றுமை உடையில் தெரியும். புள்ளிச் சில்லைக்கு முகமும் தொண்டையும் செம்பழுப்பு; வெண்மையான மார்பிலும் விலாவிலும் மீன் செதில் போன்ற கோடுகள். கருந்தலைச் சில்லைக்குத் தலையும் மேல் மார்பும் மை போன்ற கறுப்பு, முதுகு செம்பழுப்பு, விலாப்புறம் வெள்ளை. இளம் பறவைகளோ இரு ஜாதியிலும் மங்கிய பழுப்பே. அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் முன்னதற்கு 1758லும் பின்னதற்கு 1766லும் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். பின்னதன் பெயரில் மலாக்கா இடம் பெற்றது விந்தையே. அதன் தாயகம் இந்தியா, இலங்கை முதலிய நாடுகள்தாம்.

உடையைவிட முக்கியமானது உறைவிடம். புள்ளிச் சில்லை முட்செடியிலும் தோட்டத்து மரத்திலும், வீட்டருகேயும்கூட, புல்லால் பந்து போன்ற கூடு கட்டும். கருந்தலைச் சில்லைக்கோ நீர்ப்பாங்கான நிலத்து உயர்ந்த புல்லும் நாணலும் வேண்டும். ஏரியோரத்தைத் தூர்த்து மனை பிரித்தால், முன்னது நம் தோட்டத்திற்கு வந்து பிழைத்துக்கொள்ளும். பின்னது எங்கே போகும்?

வேடன் வலைக்கு இந்த வேற்றுமை எதுவும் இல்லை. இரண்டையும் பிடித்துக் கூண்டிலடைப்பார்கள். சில இடங்களில் சாயம் பூசி அபூர்வப் பக்ஷி என்றும் விற்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் நம் நாட்டுப் பறவைகளின் வியாபாரத்தைத் தடுத்துள்ளன. எனினும் சட்டம் மட்டும் போதாது. குழந்தை ஆசைப்படுகிறதென்று நாம் ஒரு ஜோடி வாங்கினால், அடுத்த ஜோடிக்கு வலை விரிகிறது. குழந்தையை வயலோரம் அழைத்துச் சென்று, எது புள்ளி, எது கருந்தலை என்று இனங்காணச் சொல்வோம். அதற்குக் காசும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.