யமுனைக் கரையில் எண்ணுகிறார்கள்

யமுனை பெரிய ஆறு. இமயமலையில் பிறக்கிறது. 1,376 கிலோமீட்டர் ஓடி, பிரயாக்ராஜில் கங்கையோடு சேர்கிறது. வழியில் தலைநகர் தில்லி இருக்கிறது. வசீராபாத் முதல் ஓக்லா வரை 22 கிலோமீட்டர் தூரம் ஆறு நகரத்துக்குள் ஓடுகிறது. மொத்த நீளத்தில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஆற்றில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி இங்கேதான் சேர்கிறது. வசீராபாத் அணைக்குக் கீழே நஜஃப்கர் வாய்க்கால் நகரத்துக் கழிவுநீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அதற்குப் பிறகு ஆறு கறுப்பாகத் தெரிகிறது.

அந்த வசீராபாத்துக்கு அருகில்தான் யமுனை பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. இதன் பரப்பு 457 ஏக்கர். பூங்கா என்றதும் புல்தரை, ஊஞ்சல், நீரூற்று நினைவுக்கு வரும். இங்கே அவை முக்கியமில்லை. ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் என்னென்ன மரம், புல், பறவை, பூச்சி இருந்தனவோ, அவற்றைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இங்கே வேலை.

முன்பு இந்த நிலம் உப்புப் பூத்துக் கிடந்தது. பயிரும் இல்லை, காடும் இல்லை. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். பேராசிரியர் சி. ஆர். பாபு இதற்கு வழிகாட்டினார். பள்ளம் தோண்டி நீர்நிலைகள் உண்டாக்கினார்கள். உப்பைத் தாங்கும் புற்களை முதலில் வளர்த்தார்கள். புல் வேர் விட்டால் மண் பிடிப்பாகும். மண் தேறிய பிறகுதான் மரம். இந்த வரிசை முக்கியம். மண் தேறாத இடத்தில் ஆயிரம் கன்று நட்டாலும் அத்தனையும் கருகிப் போகும்.

எந்த மரத்தை நடுவது? நர்சரியில் கிடைக்கிற எதையும் நடுவதில்லை. யமுனைக் கரையில் இயல்பாக வளர்ந்த மரங்கள் எவை என்று பார்த்து நடுகிறார்கள். மருதம், நாவல், கருவேலம் போன்றவை. தண்ணீர் ஓரத்தில் நாணலும் சம்பும். நாணல் புதருக்குள் சின்னக் குருவிகள் கூடு கட்டும். சம்புக்குள் நீர்க்கோழி குஞ்சுகளை மறைத்து வைக்கும். அழகுக்காக நடும் வெளிநாட்டுச் செடியில் அவற்றுக்கு இரையும் இல்லை, மறைவும் இல்லை.

நடுவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. அது களை எடுப்பது. வயல் களை அல்ல, சீமைக் கருவேலம். சிலர் இதை வேலிகாத்தான் என்பார்கள். தமிழ்நாட்டுக் கண்மாய்களில் இதைப் பார்க்காதவர் இல்லை. இதே மரம் தில்லியிலும் உண்டு. இதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். ஆங்கிலேயர் காலத்தில், ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பு, தில்லியின் மேட்டுக் காட்டில் இதை நட்டார்கள். சீக்கிரம் பச்சையாகும் என்று நட்டார்கள். அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

எப்படிப் பரவியது? ஆடும் மாடும் இதன் காயைத் தின்னும். விதை செரிக்காது. சாணத்தோடு விழுந்து, அங்கேயே முளைக்கும். வெட்டினால் போய்விடுமா? போகாது. அடிக்கட்டையிலிருந்து நான்கு கிளை விடும். வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடவும் கூடாது. அதில் தங்கும் பறவைகள் எங்கே போகும்? அதனால் சில இடங்களில் முதலில் கிளைகளை மட்டும் கழிக்கிறார்கள். வெளிச்சம் தரையில் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் நாட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். கன்று வளர வளர, பழைய மரத்தை எடுக்கிறார்கள். பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

நீரில் ஆகாயத்தாமரை, கரையில் உண்ணிச்செடி. இவையும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். ஆகாயத்தாமரை நீரை மூடிவிட்டால் வெயில் உள்ளே போகாது. மீனுக்குக் காற்றுக் குறையும்.

இத்தகைய ஆற்றங்கரைப் பூங்காக்களில் சம்பள ஆட்கள் மட்டும் வேலை செய்வதில்லை. மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலர் விடுமுறை நாளில் வருகிறார்கள். யாரும் கூலி கேட்பதில்லை. கன்று நடுகிறார்கள், களை எடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்யும் பெரிய உதவி வேறு. அவர்கள் எண்ணுகிறார்கள். எண்ணியதை எழுதி வைக்கிறார்கள்.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 100 கன்று நட்டோம் என்று விழாவில் சொல்வது எளிது. கோடை முடிந்த பிறகு எத்தனை உயிரோடு இருக்கின்றன? அதை வரிசை வரிசையாக நடந்து எண்ணினால்தான் தெரியும். 40 பட்டுப்போயிருந்தால் ஏன் என்று கேட்கலாம். தண்ணீர் போதவில்லையா? மாடு மேய்ந்ததா? மண்ணில் உப்பா? எண்ணாமல் விட்டால் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே தப்பு நடக்கும்.

புல்லை எப்படி எண்ணுவது? நான்கு குச்சி நட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் என்னென்ன செடி, எத்தனை என்று எழுதுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி கட்டுகிறார்கள். களை கூடினதா, நாட்டுப் புல் கூடினதா என்று தெரிந்துவிடும்.

பறவைக்கு வேறு முறை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987-இல் இது தொடங்கியது. பல நாடுகளில் தன்னார்வலர்கள் நீர்நிலைகளுக்குப் போய் எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளிலும் உண்டு. யமுனைப் பூங்காவிலும் உண்டு.

விடியற்காலையில் தில்லியில் கடும் பனி. எதிரே நிற்பவர் தெரியமாட்டார். பனி விலகும்வரை காத்திருக்கிறார்கள். பிறகு ஒருவர் தொலைநோக்கியால் பார்த்துச் சொல்கிறார். இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். பத்துப் பறவை என்றால் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஆயிரம் பறவை ஒன்றாக இருந்தால்? முதலில் 50 பறவையை எண்ணி, அது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்கிறார்கள். அதைப்போல எத்தனை கூட்டம் என்று பார்த்துப் பெருக்குகிறார்கள். நெல் மூட்டையை எண்ணி அறுவடையைக் கணக்கிடுவது போலத்தான்.

நோட்டில் தேதி, நேரம், இடம் கட்டாயம் வேண்டும். ஒரு பறவையும் வராவிட்டால் அதையும் எழுத வேண்டும். சுழியம் என்பதும் ஒரு செய்திதான். போன ஆண்டு 200, இந்த ஆண்டு 0 என்றால், தண்ணீரில் ஏதோ கோளாறு. வெறும் பக்கத்தை விட்டால் யாரும் வரவில்லையா, எழுத மறந்தார்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. எத்தனையோ நல்ல நோட்டுகள் இப்படிப் பயனில்லாமல் போகின்றன.

இந்தப் பூங்காவின் நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் செம்பழுப்புத் தலையும் சிவந்த அலகும் கொண்ட ஒரு வகை வாத்து வருகிறது. அது மத்திய ஆசியாவிலிருந்து வருகிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்து இறங்கினால், தண்ணீரில் இரை இருக்கிறது என்று அர்த்தம்.

2016-ஆம் ஆண்டுக் கடைசியில் இன்னொரு விருந்தாளி வந்தது. சிறுத்தை! காலடித் தடம் தெரிந்தது. மறைத்து வைத்த கேமராவில் படமும் விழுந்தது. விஞ்ஞானிகளுக்கு மகிழ்ச்சி. காட்டுப்பன்றியும் முயலும் பெருகியதால்தான் சிறுத்தை வந்தது. பக்கத்துக் கிராமத்தாருக்கோ பயம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது பயம் வராதா? அந்த டிசம்பரில் வனத்துறை கூண்டு வைத்து அதைப் பிடித்தது. சிவாலிக் மலைக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. நகரத்தின் நடுவில் காடு வளர்த்தால் இப்படிப்பட்ட கேள்விகளும் சேர்ந்து வளரும்.

யமுனைக் கரையில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த பல குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. பறவைக்கு இடம் தேடும்போது அவர்களையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

கரையை வெறுமையாக விடுவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு 2023 ஜூலை பதில் சொன்னது. ஜூலை 13 அன்று யமுனை நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் 1978-இல் 207.49 மீட்டர் வந்ததுதான் அதிகம். வெள்ளம் தெருக்களில் புகுந்தது. ஆற்றோரத்து மணல் நிலம் வெள்ளத்தைப் பரவ விடும், கொஞ்சத்தை உறிஞ்சிக் கிணற்றுக்கு அனுப்பும். அங்கே கட்டடம் எழுந்தால் தண்ணீர் வேறு இடம் தேடும்.

மார்ச் பிறந்ததும் வாத்துகள் வடக்கே திரும்பத் தொடங்குகின்றன. பறவை நோட்டை மூடி வைக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, இன்னொரு நோட்டைத் திறக்கிறார்கள்.