தூக்கிச் செல்லக்கூடிய பண்ணை

1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் பல, கட்டில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டுக் கண்ணீரோடு நடந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோதும் இதே கதைதான். பசுவைச் சைக்கிளில் ஏற்ற முடியாது. 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதிலும், தம் நிலத்தை மிதிக்காதோர் இன்றும் எம்மத்தியில் உள்ளனர். உடுவில் பகுதியில் இரவல் வளவில் இருக்கும் தோட்டக்காரர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "காணியும் இல்லை, மாட்டுக்குக் கொட்டிலும் இல்லை. நாலு முழத்தில் எதை வளர்க்கலாம் சுவாமி?"

இக்கேள்விக்கு உலகின் பிற ஏழை மக்கள் கண்ட விடையை முதலில் பார்ப்போம்.

எலியையும் வளர்க்கிறார்கள்

மேற்கு ஆபிரிக்காவின் கானா, பெனின் நாடுகளில் புல்வெட்டி எனப்படும் பெரிய கரும்பெலியைக் கூட்டில் வளர்த்து இறைச்சிக்கு விற்கிறார்கள். புல்லும் தண்டுமே அதன் முக்கிய உணவு. பெரு நாட்டு மலைவாசிகள் நெடுங்காலமாகவே கினிப்பன்றியைச் சமையலறை மூலையில் வளர்த்து உண்டு வருகிறார்கள். போரால் சிதைந்த கிழக்குக் கொங்கோவிலும் இச்சிறு பிராணி பல வீடுகளில் உண்டு. கொள்ளையர் வந்தால் மாட்டை ஒளிக்க முடியாது, கினிப்பன்றியை ஒளிக்கலாம். இடம்பெயர்ந்தோருக்கு இதில் பாடம் உண்டு.

ஆயினும் அந்நிய எலியினத்தை இங்கு கொணர்வது ஆபத்து. தப்பியோடினால் தோட்டங்களே அழியும். எமக்கு ஏற்றது முயல். கொறித்துத் தின்றாலும் முயல் எலியினத்தைச் சேர்ந்ததல்ல. வீட்டு முயல் இங்கு பழக்கமானது, குழையும் புல்லும் தின்று வளர்வது. தமிழ்நாட்டில் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இறைச்சி முயல் இனங்களைப் பெருக்கி வருகிறது.

கூடு

ஓர் ஆணும் இரு பெண்ணும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி அறை வேண்டும். ஓர் அறை 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கூடு நிலத்திலிருந்து 3 அடி உயர்ந்து நிற்கட்டும். அடித்தளத்துக்கு அரை அங்குலக் கம்பிவலை நல்லது. வசதியில்லையேல் இழைத்த பனஞ்சிலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடிக்கலாம். எச்சமும் சிறுநீரும் கீழே விழுந்துவிட வேண்டும். ஈரத்தில் இருக்கும் முயல் நோயிலிருந்து தப்பாது.

முயலுக்குக் குளிரைவிட வெக்கையே பெரும் பகை. 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் நீடித்தால் அது வாடும், ஆண் முயலின் கருவளமும் குன்றும். ஆகவே தகரக் கூரை வேண்டாம். கிடுகோ பனையோலையோ வேய்ந்து, மாமர நிழலில், சோளகக் காற்றுப் புகும்படி வையுங்கள். மாரியில் வாடைப் பக்கத்துக்குச் சாக்குக் கட்டுங்கள். கூட்டின் கால்களைத் தண்ணீர் ரின்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

தீனி

அறுகம்புல், முருங்கையிலை, அகத்தி, வற்றாளைக் கொடி, கரட் இலை யாவும் நல்லவை. வெட்டியவுடன் போடாது சில மணி நேரம் வாடவிடுங்கள். பனியும் மழையும் பட்ட ஈரப்புல் வயிற்றோட்டம் தரும். இப்பிலிப்பிலைக் கொஞ்சமாகவே கொடுங்கள், மிகுந்தால் மயிர் உதிரும். உருளைக்கிழங்கு, தக்காளி, புகையிலை, மரவள்ளி ஆகியவற்றின் இலைகளை அறவே தவிருங்கள். மருந்தடித்த தோட்டத்து இலையும் அவ்வாறே.

தாய் முயலுக்கு இலைகுழையுடன், நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் தவிடும் புண்ணாக்கும் கலந்து கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு நஞ்சு. தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். குட்டிக்குப் பாலூட்டும் முயல் ஒரு லீற்றர் வரை குடிக்கும். முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்னும். அது அதன் இயல்பு, நோயன்று.

குட்டிகள்

பெண்ணை ஐந்தாறு மாத வயதில் ஆணின் அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். மாறாகச் செய்தால் சண்டை மூளும். சினைக்காலம் 30, 31 நாட்கள். 27ஆம் நாள், தென்னந்தும்பு பரப்பிய ஒன்றரை அடிப் பெட்டியை உள்ளே வையுங்கள். தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தையிடும். அது நாளுக்கு ஒன்றிரண்டு தடவையே பாலூட்டும். "பால் கொடுக்கவில்லை" என்று குட்டிகளை அடிக்கடி தூக்காதீர்கள். ஐந்தாறு வாரத்தில் பிரித்துவிடலாம். ஆண்டுதோறும் அயலவரோடு ஆண் முயலை மாற்றிக்கொண்டால் இனம் குன்றாது. காதில் சொறி, வயிற்றோட்டம், மூக்கொழுகல் கண்டால் தனியே பிரித்து, அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டெலியை அண்டவிடாதீர்

2024 டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவிச் சிலர் மாண்டதை மறக்கலாகாது. சிந்திய தவிட்டுக்கு வீட்டெலி வரும், அதன் சிறுநீரால் நோய்க் கிருமி பரவும். தவிட்டை மூடியுள்ள ரின்னில் வையுங்கள். மிச்சத் தீனியை இரவில் அகற்றுங்கள். கைகாலில் புண்ணிருந்தால் கூட்டைக் கழுவும்போது உறையும் செருப்பும் அணியுங்கள். காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எமது நிலம் சுண்ணக்கல் நிலம், ஊற்றியது கிணற்றில் இறங்கும். முயல் எருவைக் கிணற்றுக்குத் தூரத்தில் குவித்து, மக்கியபின் வாழைக்கும் கீரைக்கும் இடுங்கள்.

ஒரு வார்த்தை

முயலால் எவரும் பணக்காரராவதில்லை. இறைச்சியை வாங்க ஆளிருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பெயர் வைத்த முயலைச் சட்டிக்கு அனுப்ப எந்தப் பிள்ளையும் சம்மதியாது. ஆகவே எது வளர்ப்புக்கு, எது உணவுக்கு என்று முதலிலேயே வீட்டில் பேசித் தீருங்கள். புலாலுண்ணாத குடும்பம் குட்டிகளை விற்கலாம்.

கேள்வி கேட்ட தோட்டக்காரருக்கு நாம் சொன்னதும் இதுவே. முயற்கூடு, இழந்த காணிக்கு ஈடாகாது. காணிக்கான குரல் ஓயவும் கூடாது. ஆனால் காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகளுக்குக் கறி வேண்டும், தோட்டக்காரன் கைக்கு வேலை வேண்டும். சொந்த வளவுக்குத் திரும்பும் நாள் வரும்போது, இந்தப் பண்ணையை அவர் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. இருவர் சேர்ந்து தூக்கினால் போதும்.