‘டைம் அவுட்’ ஆன பிறகு பணம் எங்கே போகிறது?

கேமரன் மலை – கடந்த ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அம்மா கைப்பேசியில் மின்கட்டணம் 48 வெள்ளி கட்டினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘நேரம் கடந்துவிட்டது, மீண்டும் முயலவும்’ என்று வந்தது. அம்மாவும் சொன்னபடி மீண்டும் முயன்றார். மறுநாள் கணக்கைப் பார்த்தால் 96 வெள்ளி போயிருந்தது.

லயத்தில் விசாரித்தபோது, இதே கதையை வைத்திருந்தவர்கள் பலர். எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: “இங்க லைன் சரியில்ல.” அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தச் செயலியை எழுதியவரும் சோதித்தவரும் செய்யத் தவறிய வேலை. தமிழியல் படித்த எனக்கு நிரலாக்கம் தெரியாது. கோலாலம்பூரில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் நம் தோட்டத்துப் பையன்கள் இருவர் பொறுமையாக விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளில் ஒரு பகுதி இன்னொரு பகுதியை வேலை செய்யச் சொல்வதை ‘மெத்தட் கால்’ என்கிறார்கள். அழைப்பு என்று சொல்லிக்கொள்வோம். மலைச்சரிவில் நிற்கும் கங்காணி, ஒரு பையனை ஆபீசுக்கு அனுப்பி “லாரி எப்போ வரும், கேட்டு வா” என்கிறார். பையன் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது? ஒரு கட்டத்தில் கங்காணி காத்திருப்பதை நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். அந்தக் கட்டம்தான் ‘டைம் அவுட்’.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கங்காணி காத்திருப்பை விட்டுவிட்டார் என்பதால், பையன் ஆபீசுக்குப் போகவில்லை என்று ஆகாது. போய்ச் சொல்லியிருக்கலாம், லாரியும் கிளம்பியிருக்கலாம், பதில் மட்டும் வழியில் நின்றிருக்கலாம். அம்மாவின் முதல் 48 வெள்ளி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ‘டைம் அவுட்’ என்பதற்கு ‘நடக்கவில்லை’ என்று பொருளில்லை. ‘நடந்ததா என்று எனக்குத் தெரியாது’ என்பதே பொருள். திரையில் அந்த வாக்கியத்தை எழுதியவர் இதைச் சொல்லியிருந்தால் அம்மா இரண்டாம் முறை அழுத்தியிருக்க மாட்டார்.

நல்ல செயலிகள் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து அனுப்பும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால், “இதை ஏற்கெனவே செய்துவிட்டேன்” என்று சர்வர் பழைய பதிலையே திருப்பித் தரும். பணம் மறுபடி பிடிக்காது.

சரி, இதை எப்படிச் சோதிப்பது? உண்மையான வங்கியை அழைத்து அது தாமதிக்கும்வரை காத்திருக்க முடியாது. வேண்டுமென்றே தாமதிக்கும் ஒரு பொய்ச் சர்வரை வைப்பார்கள். 30 விநாடி உண்மையில் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகக் கடிகாரத்தையே போலியாக்கி, நொடியில் 30 விநாடி ஓடியதாகக் காட்டுவதும் உண்டு. சோதனைக் கருவிகளுக்கும் பொறுமைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் ‘மோக்கா’ 2 விநாடி, ‘ஜெஸ்ட்’ 5 விநாடி, ‘கோ’ மொழியின் சோதனை 10 நிமிடம் காத்திருக்கும். ‘கோ’ கைவிடும்போது ஒரு நல்ல காரியம் செய்கிறது: எந்தெந்த வேலை எந்த வரியில் நின்றுகொண்டிருந்தது என்று முழுவதையும் அச்சிட்டுவிடும். தவற்றைத் தேடுபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

‘ஜேயூனிட் 5’-இல் இரண்டு விதம். ஒன்று, வேலை முடியும்வரை விட்டுவிட்டுப் பிறகு “தாமதம்” என்று சொல்லும். வேலை முடியவே முடியாது என்றால் அதுவும் சேர்ந்து தொங்கும். மற்றது, நேரம் வந்ததும் பாதியில் வெட்டும்; ஆனால் வேலையை வேறொரு இழையில் ஓட்டுவதால், சோதனைக்காகப் போட்ட தரவு அழியாமல் தங்கிவிடக்கூடும்.

பிழை தேடும்போதுதான் பெரிய குழப்பம். நிரலை ஒரு வரியில் நிறுத்தி வைத்து, மதிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். நம் பக்கம் நின்றுவிடும். எதிர்ப்பக்கத்துக் கடிகாரம் நிற்காது. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் ‘டைம் அவுட்’ காத்திருக்கும். அது பிழையல்ல, தேடியதால் வந்தது. அதனால் பிழை தேடும் நேரத்தில் மட்டும் வரம்பைக் கூட்டி வைப்பார்கள். அந்தப் பெரிய எண் மறதியில் மக்கள் கைக்கு வரும் செயலியிலும் போய்விடாமல், தனி அமைப்புக் கோப்பில் வைப்பது முக்கியம்.

வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குச் சூத்திரம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உருட்டிய இலை நிறம் மாறும் கட்டத்தில் சீக்கிரம் உலர்த்தினால் பச்சை வாடை. தாமதித்தால் சுவை போய்விடும். செயலியிலும் அப்படித்தான். ஒரே ஒரு விதி உண்டு: வெளியே இருப்பவர் உள்ளே இருப்பவரைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டும். கைப்பேசி 10 விநாடியில் கைவிட்டு, சர்வர் வங்கிக்காக 30 விநாடி காத்திருந்தால், இரட்டைக் கட்டணத்துக்கு வாசலைத் திறந்து வைத்ததாகிவிடும்.

அடுத்தது, மீண்டும் முயல்வது. 2021 மே 26 நண்பகலில் அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு முன்பதிவு திறந்தபோது அகப்பக்கம் திணறியதும், அப்போதைய அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தளம் திணறும்போது, பதில் வராதவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்ப அழுத்தினால் கூட்டம் இன்னும் பெருகும். அதனால் 1 விநாடி, 2, 4, 8 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, அதிலும் ஆளுக்கு ஆள் சற்று முன்பின்னாக முயலும்படி எழுதுகிறார்கள்.

2020-இல் அறிவிக்கப்பட்ட ஜென்டேலா திட்டம், நாட்டின் சராசரி கைப்பேசி இணைய வேகத்தை விநாடிக்கு 35 மெகாபிட்டாக உயர்த்த இலக்கு வைத்தது. சராசரி என்பது மலை மடிப்புக்குள் இருப்பவருக்கு ஆறுதல் தராது. செயலிகள் நகரத்து அலுவலகத்தின் வேகமான இணைப்பில் சோதிக்கப்பட்டு வெளியே வருகின்றன. வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி குரோம் உலாவியிலேயே இருக்கிறது. சில சொடுக்குகள்தான். அதை அழுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றாததுதான் என் வருத்தம்.

வாசகர்களுக்கு: அந்த வாசகம் வந்தால் உடனே மறுபடி அழுத்தாதீர்கள். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் முதலில் பாருங்கள். திரையைப் படம் பிடித்து, நேரத்தையும் குறித்து வையுங்கள். புகார் செய்யும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அம்மாவின் 48 வெள்ளி 9 நாள் கழித்துத் திரும்பி வந்தது. இப்போதெல்லாம் கட்டணம் கட்ட அவர் வீட்டு வாசலைத் தாண்டி, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போகிறார்.